கொரங்காட்டு இட்டேரியில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில், எங்கள் குடும்பத்துக்கும் பங்காளிகளுக்கும் சொந்தமான மேய்ச்சல் நிலங்களின் ஊடே சுமார் 4 கிலோமீட்டர் நீளமுள்ள வண்டித்தடம் ஒன்று செல்கிறது. தார்ச்சாலையிலிருந்து பிரிந்து, இட்டேரிக்குள் நுழைந்து, மணல் நிறைந்த பள்ளம் (ஓடை) ஒன்றைக் கடந்து, சுக்கான்கல் (சுண்ணாம்புக்கல்) மேட்டில் ஏறி இறங்கி, மறுபுறத்து ஊர்ச்சாலையில் அது முடிகிறது. இங்கே ஜீப் ஓட்டிப் பழக விரும்பி வரும் நண்பர்களும், நண்பர்கள் அனுப்பி வருவோரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கொங்கு நாட்டின் வறண்ட பகுதிகளில் இதைப் போன்ற தடங்கள் பல உண்டு என்பதால், அங்கெல்லாம் ஓட்டுவோருக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

கொரங்காடு என்பது காடா? இட்டேரி என்பது என்ன?

கொரங்காடு என்பது வனத்துறைக்குரிய காடு அன்று. அது தனியாருக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலம். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் மானாவாரியாகக் கிடக்கும் நிலத்தைச் சுற்றிக் கிளுவைக் குச்சிகளை நட்டு உயிர்வேலி அமைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் வளரவிட்டு, பல துண்டுகளாகப் பிரித்து ஒன்று மாற்றி ஒன்றாக மாடுகளையும் செம்மறிகளையும் மேயவிடும் முறை இங்கே நெடுங்காலமாக இருந்துவருகிறது. காங்கயம் மாடு வளர்ந்ததே இந்தப் புல்லில்தான்.

இரண்டு நிலங்களின் வேலிகளுக்கு நடுவே மாட்டுவண்டி போய்வருவதற்காக விடப்பட்ட ஒடுக்கமான பாதையே இட்டேரி. பழைய இட்டேரிகள் பலவும் தார்ச்சாலைகளாக மாறிவிட்டன. வேறு பல, இருபுறத்து நிலங்களோடும் சிறிது சிறிதாகச் சேர்ந்துவிட்டன. மிஞ்சியிருப்பவற்றில் கவுதாரியும் கீரியும் முயலும் வாழ்கின்றன. பந்தயத் தடத்தைத் தேடி வருபவருக்கு இட்டேரி ஏமாற்றத்தையே தரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இத்தகைய தடங்களில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாமா?

இல்லை. வண்டிப்பாதை என்று வருவாய்த்துறைப் பதிவேட்டில் உள்ள இட்டேரி பொதுவழி. அதில் எவரும் செல்லலாம். ஆனால் வேலிக்கு உட்பட்ட கொரங்காடு பட்டா நிலமாதலால், உரிமையாளரிடம் நேரில் கேட்டுச் சம்மதம் பெறாமல் நுழையக் கூடாது. எது பொதுவழி, எது பட்டா என்று ஐயம் எழுந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புல வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்துவிடும். கைப்பேசி வரைபடத்தில் காணப்படும் மெல்லிய கோடு எவருக்கும் உரிமை தருவதில்லை. பல இடங்களில் அந்தக் கோடு யாரோ ஒருவருடைய சாளையின் (தோட்டத்து வீட்டின்) வாசலில்தான் போய் முடிகிறது.

காப்புக்காடுகளின் நிலை முற்றிலும் வேறு. அனுமதியின்றி அவற்றுக்குள் நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்; ஆனைமலை, சத்தியமங்கலம் ஆகிய புலிகள் காப்பகங்களுக்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து பொருந்தும். அமராவதி, நொய்யல் ஆற்றுப்படுகைகளிலும் இறங்க வேண்டாம். ஆற்று மணலில் வெளியூர் வண்டி ஒன்று நின்றால், அது மணல் அள்ள வந்த வண்டி என்றுதான் ஊர் எண்ணும். அப்படி எண்ணுவதைக் குறை சொல்லவும் முடியாது.

எந்த வண்டி ஏற்றது?

தாழ்வேகப் பல்லிணைப்பு, அதாவது ஃபோர்-லோ, உள்ள எந்த வண்டியும் போதும். இங்கே வண்டியின் ஆற்றலைவிட அகலமே முதலில் சோதிக்கப்படுகிறது. 1,540 மில்லிமீட்டர் அகலமுள்ள பழைய ஜிப்ஸி இட்டேரிக்குள் தாராளமாகப் போகும். 1,645 மில்லிமீட்டர் அகலமுள்ள ஜிம்னியும் போய்விடும். 1,820 மில்லிமீட்டர் அகலமுள்ள மகிந்திரா தார் இரண்டு இடங்களில் கண்ணாடிகளை மடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய வண்டியைக் கொண்டுவருபவர் பெயின்டின் மேல் பற்று வைக்கக் கூடாது. கிளுவை முள் போடும் கீறல் பாலிஷுக்கு எளிதில் மறைவதில்லை.

பின்சக்கர இயக்கம் மட்டுமே உள்ள பொலேரோவும் பால் வண்டிகளும் இந்தத் தடத்தின் முதல் ஒன்றரைக் கிலோமீட்டரில் அன்றாடம் போய்வருகின்றன. பள்ளத்தைத் தாண்டிச் செல்லத்தான் நான்கு சக்கர இயக்கம் தேவைப்படுகிறது.

ஃபோர்-ஹை, ஃபோர்-லோ இரண்டையும் எப்போது போட வேண்டும்?

வருபவர்களில் பெரும்பாலோர் தவறு செய்யும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மகிந்திரா தார், ஜிம்னி, ஜிப்ஸி ஆகிய மூன்றிலும் இருப்பது தேவைப்படும்போது மட்டும் சேர்த்துக்கொள்ளும் வகை நான்கு சக்கர இயக்கம். லீவரைத் தள்ளியவுடன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் செல்லும் தண்டுகள் இரண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, ஒரே வேகத்தில் சுழலத் தொடங்கும். வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் செல்ல வேண்டியிருப்பதால், இந்த வேறுபாட்டை ஏதேனும் ஒரு சக்கரம் சற்றே வழுக்கித்தான் ஈடுசெய்ய முடியும். மண்ணிலும் மணலிலும் சக்கரம் தானாகவே வழுக்கிவிடும். தார்ச்சாலையில் வழுக்காது, முறுக்கம் முழுவதும் தண்டுகளிலும் பல்சக்கரங்களிலும் சேர்ந்து, ஸ்டீயரிங் கனத்து, கடைசியில் லீவரே வெளியே வர மறுக்கும். அப்படி இறுகிவிட்டால் நேராகச் சில அடிகள் பின்னால் எடுத்துப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் விடுபட்டுவிடும். ஆகவே தார்ச்சாலையில் டூ-ஹை, அதாவது இரு சக்கர இயக்கம், மட்டுமே. இட்டேரிக்குள் நுழைந்து மண் தட்டுப்பட்டதும் ஃபோர்-ஹை, அதாவது வழக்கமான வேகத்துக்கான நான்கு சக்கர இயக்கம்.

ஃபோர்-லோ போடுவதற்கு வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுவதும் மிதித்து, அதன் பிறகு லீவரை மாற்ற வேண்டும். சுக்கான்கல் மேட்டிலும், அதன் மறுபுற இறக்கத்திலும், பள்ளத்துக் கரைகளிலும் இதுவே பயன்படும். ஃபோர்-லோ வண்டிக்குக் கூடுதல் வேகம் தருவதற்காக அமைந்ததன்று. நடையைவிட மெதுவாக, ஆனால் என்ஜின் திணறாமல் செல்வதற்காக அமைந்தது. இறக்கத்தில் முதல் கியரில் போட்டுவிட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பயத்தில் கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி உடனே அற்றுவிடும். பிறகு பிரேக்கை நம்ப வேண்டிவரும். சரளைக்கல் மேல் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது.

மேட்டின் நடுவே ஓர் இடத்தில், முன்புறம் ஒரு சக்கரமும் அதற்குக் குறுக்கே பின்புறம் ஒரு சக்கரமும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பி வெறுமனே சுழலும். சாதாரண டிஃபரன்ஷியல் (ஓர் அச்சின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) சுழற்சியை எளிதாகச் சுழலும் சக்கரத்துக்கே அனுப்புவதால் இது நேர்கிறது. புதிய வண்டிகளில் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து மற்றதுக்கு விசையைத் திருப்பும் அமைப்பு இருக்கிறது. அது வேலைசெய்ய ஆக்சிலரேட்டரைச் சில நொடிகள் ஒரே நிலையில் பிடித்திருக்க வேண்டும். வண்டி நகரவில்லையே என்று காலை எடுத்துவிடுகிறவர்களுக்கு அந்த அமைப்பு இருந்தும் பயனில்லை.

டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்? முள் குத்தாதா?

குத்தும். வெள்வேலம், கிளுவை, சீமைக்கருவேலம் என்று மூன்று வகை முள்ளும் இங்கே உண்டு. மணலுக்குக் காற்றைக் குறைக்க வேண்டும் என்று எல்லாரும் படித்துவிட்டு வருகிறார்கள், அது சரிதான். காற்றைக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படிந்து, எடை பரந்து, மணலில் புதைவது குறையும். ஆனால் அதே நேரத்தில் டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி முள்ளுக்கும் கூர்கல்லுக்கும் தன்னைக் காட்டிக்கொண்டு நிற்கும். டியூப்லெஸ் டயரின் மிதிபரப்பில் முள் ஏறினால் ஐந்து நிமிடத்தில் பஞ்சர் அடைத்துவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் ஸ்டெப்னியை மாற்றுவது தவிர வழியில்லை.

அதனால் இந்தத் தடத்துக்கு நான் கடைப்பிடிக்கும் அளவு வேறு. சாலையில் 30 பவுண்டு (psi) வைத்திருப்பவர் இட்டேரி முகப்பில் 25 பவுண்டுக்கு இறக்கிக்கொள்ளலாம். கற்களின் மேல் வண்டி குலுங்காமல் போக அது போதும். பள்ளத்து மணல் உலர்ந்து பொலபொலவென்று கிடக்கும் மாதங்களில் மட்டும் கரையில் நிறுத்தி 18 பவுண்டு வரை இறக்கி, அக்கரை சேர்ந்ததும் கம்ப்ரசரால் மறுபடியும் ஏற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு முறை நின்று காற்றடிப்பது அலுப்பாகத்தான் இருக்கும். ஸ்டெப்னி ஒன்றுதான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் அலுப்பு குறையும்.

முள் குத்தியிருப்பது தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். பல வேளைகளில் அந்த முள்ளே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். நிழலும் சமதளமும் கிடைத்த பிறகு, பஞ்சர் ஒட்டும் சாமான்களைக் கையில் வைத்துக்கொண்டு பிடுங்குங்கள்.

எந்த மாதங்களில் வரலாம்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் எங்களுக்குத் தென்மேற்குப் பருவத்தில் கிடைப்பது பெரும்பாலும் காற்றுதான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் அந்தக் காற்று புழுதியைக் கிளப்பினாலும் தடம் கெட்டியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும். செம்மண்ணும் சுக்கான்கல்லும் உள்ள பகுதி ஒரே நாளில் வடிந்துவிடும். நடுவில் வரும் கரிசல் துண்டு வடிவதற்கு நான்கைந்து நாட்கள் ஆகும். ஈரக் கரிசலில் ஓட்டினால் டயரின் பட்டன் இடைவெளிகளில் மண் அப்பிக்கொண்டு டயர் வழவழப்பான உருளையாகிவிடும். அதையும் மீறி ஓட்டினால் தடத்தில் முழங்கால் ஆழத்துக்குச் சால் விழும். அந்தச் சால் காய்ந்து இறுகிய பின் அவ்வழியே பால் கேனோடு மோட்டார் சைக்கிளில் போகிறவர் விழுவார். ஆகவே மழைக்குப் பின் ஒரு வாரம் எவரையும் விடுவதில்லை. கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.

பள்ளத்து மணலை எப்படிக் கடப்பது?

பள்ளம் என்று இங்கே சொல்வது குழியை அன்று, ஓடையை. ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணலாகவே கிடக்கும். அகலம் ஏறத்தாழ 30 அடி. முதலில் இறங்கி நடந்து பாருங்கள். நடந்து பார்க்காமல் எந்தப் பள்ளத்திலும் சக்கரம் வைப்பதில்லை என்பதே எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுபவர்களின் வழக்கம். மாட்டுவண்டிக் காலத்திலும் அப்படித்தான் என்று என் அப்பா சொல்வார்.

கரையில் ஃபோர்-லோ போட்டு, இரண்டாவது கியரில் இறங்கி, மணலைத் தொட்ட பிறகு கியரை மாற்றாமல், பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கை அதிகம் திருப்பாமல், ஒரே சீரான வேகத்தில் அக்கரை ஏற வேண்டும். நிறுத்தியே ஆக வேண்டுமானால் காலை எடுத்து, வண்டி தானாக நிற்கும்படி விடுங்கள். பிரேக் பிடித்தால் ஒவ்வொரு சக்கரத்தின் முன்பும் மணல் ஒரு வரப்பாகக் குவிந்துவிடும், அதன் மேல் மறுபடி ஏற வேண்டியிருக்கும்.

முன்னே நகர்வது நின்றுவிட்டது என்று உணர்ந்த அந்த நொடியிலேயே ஆக்சிலரேட்டரை விட்டுவிட வேண்டும். சுழலும் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். பத்து நொடியில் அச்சு வரை புதைந்துவிடும். வந்த சுவட்டிலேயே பின்னால் எடுத்துப் பாருங்கள். வராவிட்டால் மண்வெட்டியால் சக்கரங்களின் முன்னும் பின்னும் சரிவாக வெட்டிவிட்டு, பனைமட்டையையோ தென்னைமட்டையையோ அடியில் கொடுத்து எடுக்க வேண்டும். அப்போது வண்டிக்குப் பின்னால் எவரும் நிற்கக் கூடாது; சக்கரம் பிடித்துக்கொண்டால் மட்டை அம்புபோல் வெளியே பாயும்.

கடற்கரைப் புதர்க்காடுகளில் மணற்பாதையில் ஓட்டிய பழக்கம் இருக்கிறது. இங்கே அது போதுமா?

மணலைப் பொறுத்தவரை நல்ல பழக்கம்தான். ஆனால் கடலோரத்தில் பாதை முழுவதும் மணலாக இருப்பதால் தொடக்கத்திலேயே காற்றை நன்றாக இறக்கிவிட்டு, முடிவில்தான் ஏற்றுவார்கள். இங்கே 4 கிலோமீட்டருக்குள் கல், முள், மணல், கரிசல் என்று தரை நான்கு முறை மாறுகிறது. கடலோரத்தில் வேகம் கைகொடுக்கும். சுக்கான்கல் மேட்டில் அதே வேகத்தோடு ஏறினால் என்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியைக் கல் பதம்பார்க்கும். உப்புக்காற்றும் ஓதமும் இங்கே இல்லை என்பது மட்டுமே முழு ஆதாயம்.

பள்ளத்தில் தண்ணீர் ஓடினால்?

தார் வண்டியின் உற்பத்தியாளர் அது 650 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கும் என்கிறார். அந்த எண் நின்ற நீருக்கும் உறுதியான அடித்தரைக்கும் பொருந்தும். ஓடும் நீருக்குப் பொருந்தாது. முழங்காலுக்கு மேல் நீர் இருந்தாலோ, கலங்கி ஓடி அடித்தரை தெரியாவிட்டாலோ திரும்பிவிடுவதே முறை. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கே பெய்த மழையால் பள்ளத்தில் திடீரென்று தண்ணீர் வருவதுண்டு. ஆகவே பள்ளத்து மணலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார வேண்டாம்.

ஒருமுறை ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம், பள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன். "மாடு எறங்கிப் போகுதுங்க" என்றார். நானும் இறங்கினேன், சேறு கதவுக்குள் வந்தது. பிறகுதான், "மாடு நீந்துமுங்க தம்பி" என்று சிரித்தார். காற்று உறிஞ்சும் குழாய் வழியாக என்ஜினுக்குள் நீர் போய்விட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. நீரை அழுத்த முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் அதற்கு இழப்பீடு கிடைப்பதில்லை.

மேட்டில் பாதி ஏறியபோது என்ஜின் நின்றுவிட்டால்?

பிரேக்கை முழுவதும் அழுத்துங்கள், கைப்பிரேக்கையும் போடுங்கள். வண்டியைத் திருப்ப முயலாதீர்கள். குறுக்காக நின்ற வண்டி உருளும். ரிவர்ஸ் கியரைப் போட்டு, ஸ்டார்ட் செய்து, கிளட்சை விட்டுவிட்டு, என்ஜினின் பிடியிலேயே வந்த வழியாக நேராகக் கீழே இறங்கி, மறுபடி ஏறுங்கள். இரண்டு முறை முயன்றும் ஏறாவிட்டால் மூன்றாம் முறை வேண்டாம்.

காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தலாமா?

மாசி முதல் வைகாசி வரை கூடவே கூடாது. இந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை, நானே சேர்த்திருக்கிறேன். அந்த மாதங்களில் கொழுக்கட்டைப் புல் வைக்கோலாகக் காய்ந்து நிற்கும். புகைபோக்கிக் குழாயில் உள்ள வினையூக்கிப் பெட்டி சாதாரண ஓட்டத்திலேயே கொதிக்கும். பிஎஸ்-6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் புகைக்கரியை எரித்துச் சுத்தம் செய்யும் சுற்று நடக்கும்போது வெப்பம் இன்னும் அதிகமாக ஏறும். வண்டியின் அடியில் சிக்கிய புல் கற்றை ஒன்று போதும். கொரங்காடு எரிந்தால் அந்த ஆண்டுக்கான தீவனம் போய்விடும். வேலிக் கிளுவை கருகினால் புதுக் குச்சி நட்டு அடைப்பாக வளர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மண் தெரியும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள், பாதி வழியில் ஒருமுறை குனிந்து அடிப்புறத்தைப் பாருங்கள், ஐந்து லிட்டர் தண்ணீர் கையோடு வைத்திருங்கள். புகைபிடிப்பவர்கள் வண்டிக்குள்ளும் பிடிக்க வேண்டாம்.

வழியில் வரும் படல்களை என்ன செய்ய வேண்டும்?

தடத்தில் மூன்று படல்கள் (வேலி வாயிலை அடைக்கும் தட்டிகள்) உள்ளன. மூடியிருந்ததைத் திறந்து சென்றால் மூடுங்கள். திறந்திருந்ததை அப்படியே விடுங்கள். திறந்து கிடக்கும் படலை நல்லெண்ணத்தில் மூடிவிட்டுப் போனவர் ஒருவரால், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழி அடைபட்டு எங்கள் ஆடுகள் ஒரு பகல் முழுவதும் வெயிலில் நின்றன. மந்தை எதிரே வந்தால் என்ஜினை அணைத்துவிட்டு நில்லுங்கள். ஹாரன் அடித்தால் செம்மறி ஒன்று பக்கத்தில் பாயும், மற்றவை எல்லாம் அதன் பின்னால் பாயும்.

சுவட்டை விட்டு விலகிப் புல்வெளியில் ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. ஆள்காட்டியும் வானம்பாடியும் வெறும் தரையில்தான் முட்டையிடுகின்றன. ஆள்காட்டியின் முட்டை சரளைக்கல்லின் நிறத்திலேயே இருப்பதால், வண்டிக்குள் இருந்து பார்ப்பவர் கண்ணில் படவே படாது. தலைக்கு மேல் பறவை சுற்றிச் சுற்றிக் கத்தினால் முட்டை அருகில் இருக்கிறது என்று பொருள். தவிர, புல்லின் வேரோடு கூடிய மேல்மண் ஒருமுறை சக்கரத்தில் கிழிந்தால் அடுத்த மழையில் அங்கிருந்து அரிப்பு தொடங்கும்.

இரவில் ஓட்டலாமா?

இல்லை.

மாட்டிக்கொண்டால் யாரை அழைப்பது?

டிராக்டரைத்தான். அருகிலுள்ள சாளைகளில் இரண்டு டிராக்டர்கள் உண்டு. உழவு நடக்கும் நேரமானால் காத்திருக்க வேண்டும், டீசலுக்கும் நேரத்துக்கும் பணம் கொடுக்க வேண்டும். இழுக்கும் பட்டையையோ கயிற்றையோ வண்டியின் சட்டத்தில் உள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்டுங்கள். டிரெய்லர் குமிழியில் மாட்டினால் அது தெறித்து ஆளைக் கொல்லக் கூடும். பழைய இரும்புச் சங்கிலியை வைத்து வெட்டி இழுப்பதும் அதே அளவுக்கு ஆபத்து; மெதுவாக இறுக்கி, சீராக இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும் நேரத்தில் மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும்.

முழுத் தடத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகும்?

காற்று இறக்கி ஏற்றுவதையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று சொன்ன ஒருவரின் வண்டியைப் பார்த்தபோது முன்பம்பர் பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

முடித்த பிறகு செய்ய வேண்டியது என்ன?

ஊர்ச்சாலையைத் தொடும் முன்பே டூ-ஹைக்கு மாற்றிவிடுங்கள். நான்கு டயர்களிலும் பழைய அளவுக்குக் காற்றை ஏற்றுங்கள். குறைந்த காற்றோடு தாராபுரம் சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். பக்கச்சுவர்களின் உட்புறத்தைக் கையால் தடவி முள் இருக்கிறதா என்று பாருங்கள், பிரேக் குழாய்களில் குச்சி செருகியிருக்கிறதா என்று பாருங்கள், ரேடியேட்டர் வலையில் அடைத்திருக்கும் புல்விதைகளைத் தட்டிவிடுங்கள். பிறகு, கடைசிப் படலை எந்த நிலையில் விட்டு வந்தீர்கள் என்பதைத் தொலைபேசியில் எனக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மாலையில் ஆடுகளை ஓட்டிவருபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.